கண்ணாடித் தொட்டியும் முதற் சீலமும்

பஞ்சசீலத்தை மேற்கொண்டு ஒழுகும் இல்லறத்தார் முன்னே சிற்சில சமயங்களில் மிகச் சிறியனவாகத் தோன்றும் வினாக்கள் எழுகின்றன. அவற்றைச் சிறியன என்று தள்ளிவிடுவோமாயின், பெரியன வந்து நிற்கும்போது விடை காண்பதற்குரிய பயிற்சி நமக்கு இராது. அத்தகைய வினா ஒன்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

மைசூர் நகரில் வாழும் உபாசகர் ஒருவர் தம் இல்லத்தில் உப்புநீர் மீன்தொட்டி ஒன்று வைத்திருப்பதாகக் கொள்வோம். மைசூர் கடலோர ஊர் அன்று. கடல்மட்டத்திற்கு 700 மீட்டருக்கும் மேலான மேட்டு நிலத்தில் அமைந்தது. அரபிக் கடலைக் காண வேண்டுமாயின் மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்து செல்லல் வேண்டும். ஆகவே அத்தொட்டியிலுள்ள கடல் அவரே ஆக்கிய கடல். லிட்டர் ஒன்றுக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு என அளந்து கலந்து, வெப்பத்தையும் ஒளியையும் நிறுத்தி, மின்விசையால் நீரோட்டத்தை உண்டாக்கி, மீன்களையும் கடற்பாறைத் துண்டுகளையும் விலைக்கு வாங்கி இட்டு அதனை அமைத்திருக்கிறார். ஒரு நாள் பாறையின் இடுக்கில், பழுப்பு நிறத்தில், ஒளி ஊடுருவும் சிறு மலர் போன்ற ஒன்று தோன்றுகிறது. அழகாக இருக்கிறதே என்று விட்டுவிடுகிறார். சில மாதங்களில் அது பத்தாகி, பின்னர்ப் பாறை முழுவதும் படர்கிறது. அதற்கு ஐப்டேசியா என்று பெயர். கடற்சாமந்தி இனத்துள் ஒன்று. மீன்தொட்டி வளர்ப்போர் அதனைக் களையென்றும் பீடையென்றும் கூறுவர்.

இதனைக் கொல்லலாமா? கொன்றால் முதற் சீலம் கெடுமா? இதுவே வினா.

அது உயிர்தானா?

பலரும் முதலிற் கூறும் சமாதானம், 'அது பூப்போன்றது. ஓரிடத்தில் ஒட்டிக் கிடப்பது. அதை உயிரென்று சொல்வது மிகை' என்பதாகும். இஃது இன்று எழுந்த ஐயமன்று. கிரேக்க நாட்டு அறிஞர் அரிஸ்டாட்டிலும் கடற்சாமந்தி போன்றவற்றைச் செடிக்கும் விலங்கிற்கும் இடைப்பட்டனவாகவே கண்டார். நம் தொல்காப்பியம் மரபியலில் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுத்து, புல்லையும் மரத்தையும் ஓரறிவினவாகவும், நத்தை முதலியவற்றை ஈரறிவினவாகவும் வைத்தது. அவ்வகுப்பில் கடற்சாமந்தியை எங்கே வைப்பது என்று கேட்டால் தயங்கவே நேரும். எனினும் நாம் கவனிக்கத்தக்கது வேறொன்று. ஓரறிவினதையும் தொல்காப்பியர் உயிரென்றே எண்ணினார். அறிவு குறைந்ததென்பதற்காக உயிர்களின் வரிசையிலிருந்து எதனையும் நீக்கினாரல்லர்.

இன்றைய உயிரியலில் இதுபற்றி ஐயமில்லை. ஐப்டேசியா விலங்கே. பவளம், சொறி ஆகியவற்றின் உறவினம். அதற்கு மூளை இல்லை; ஆயினும் நரம்பிழைகள் வலைபோல் உடலெங்கும் பரவியுள்ளன. தொட்டால் சுருங்குகிறது. கைபோன்ற உணர்விழைகளிலுள்ள கொட்டும் அணுக்களால் நுண்ணிய இரையைச் செயலறச் செய்து வாய்க்குள் இழுத்துக்கொள்கிறது. அதன் உடலுக்குள்ளே நுண்பாசிகள் குடியிருந்து, ஒளியைக் கொண்டு உணவாக்கி, அதற்கும் பங்கு தருகின்றன. அது வலியை நாம் உணர்வதுபோல் உணர்கிறதா என்பது அறிவியலாரிடையே முடிவு காணாத வினா.

முடிவு காணாத இடத்தில் பௌத்தர் எப்பக்கம் சாய்தல் வேண்டும்? பிக்குவுக்குரிய எட்டுப் பரிக்காரங்களுள் நீர் வடிகட்டியும் ஒன்று. உயிர்கள் உள்ள நீரென்று அறிந்தும் அதனைப் பயன்படுத்துதலும், அந்நீரைப் புல்லின்மேலோ மண்ணின்மேலோ கொட்டுதலும் விநயத்தில் குற்றங்களாக வகுக்கப்பட்டுள்ளன. நீரிலுள்ள சிற்றுயிர்க்கு மூளை உண்டா, அது எவ்வளவு துன்புறும் என்ற ஆராய்ச்சி அங்கே நிகழவில்லை. அது வாழ்கிறது, வாழ முயல்கிறது என்பதே போதியதாயிற்று. தொட்டதும் சுருங்கும் ஓருயிரைக் கண்ணெதிரே கண்ட பின்னர், அஃது உயிரன்று என்ற வாதம் நம் வசதிக்காக நாம் தேடிக்கொண்டதே யாகும்.

வேறொரு நுட்பமான வாதமும் உண்டு. ஐப்டேசியா நகரும்போது அதன் அடிப்பாதத்தினின்று சிறு சிறு துணுக்குகள் பிரிந்து பாறையில் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொன்றும் தனித்தனிக் கடற்சாமந்தியாக வளரும். அதனைச் சுரண்டி எறிய முயல்வோர் அதனைப் பெருக்குவோரே ஆவர். 'ஒன்றே பலவாகும்போது, கொல்லப்படும் அந்த ஒருவர் யார்? ஆன்மா இல்லையென்று கூறும் பௌத்தத்தில் கொலையுண்பதற்கு யாருளர்?' என்று கேட்கலாம். அனாத்மக் கொள்கையைப் பிறழ உணர்ந்தவர்க்கே இவ்வையம் எழும். முதற் சீலம், அழியாத ஆன்மா ஒன்றைக் காப்பதற்காக ஏற்பட்டதன்று. அப்படியொன்று இருந்தால் அதற்குக் காவலே வேண்டாவே. அழியக்கூடியதும், நிலையற்றதும், துன்பத்திற்கு இடமாவதுமான வாழ்வோட்டத்தை நம் கையால் அறுக்கலாகாது என்பதே சீலம். அந்த ஓட்டம் ஒன்றாய் ஓடினும் பத்தாய்ப் பிரிந்து ஓடினும் இதில் வேற்றுமை இல்லை.

ஐந்து அங்கங்கள்

கொலை என்னும் வினை நிறைவுறுவதற்கு ஐந்து அங்கங்கள் வேண்டுமென்று உரையாசிரியர்கள் வகுத்துள்ளனர். உயிர் இருத்தல், அஃது உயிரென்று அறிதல், கொல்லும் எண்ணம், அதற்கான முயற்சி, அம்முயற்சியால் அது சாதல் ஆகியன அவை. இவற்றுள் நடுநாயகமாக நிற்பது எண்ணம். எண்ணத்தையே கம்மம் என்று பகவான் அருளினார். கண்ணிழந்த சக்குபால தேரர் இரவில் நடந்தபோது அவர் காலடியில் பூச்சிகள் மடிந்தன. பிக்குகள் அதனைக் குற்றமாக எடுத்துரைத்தபோது, கொல்லும் எண்ணம் இல்லாத அவர்மீது குற்றமில்லையென்று பகவான் விளக்கினார் என்பது தம்மபத உரையின் முதற் கதை.

இவ்வளவையை நம் மைசூர் உபாசகரின் தொட்டிக்குப் பொருத்திப் பார்ப்போம். மீன்தொட்டி வளர்ப்போர் பின்பற்றும் முறைகள் பலவுள. நீர்த்த சுண்ணாம்பைக் குழைத்து ஊசியால் அதன் வாயிற் செலுத்துவர். எலுமிச்சைச் சாற்றையோ காடியையோ ஏற்றுவர். பாறையை வெளியே எடுத்துக் கொதிநீர் ஊற்றுவர். இவற்றுள் எதனை மேற்கொண்டாலும் ஐந்து அங்கங்களும் குறைவற அமைகின்றன. அவர் சக்குபாலர் அல்லர். கண்ணைத் திறந்து, குறிபார்த்து, ஊசியைச் செலுத்துகிறார். ஆகவே, சீலம் கெடாது என்று சொல்ல நமக்கு இடமில்லை.

ஆனால் எல்லாக் கொலையும் ஒரே எடையுடையன அல்ல என்பதும் அவ்வுரையாசிரியர்கள் கூறியதே. கொல்லப்படும் உயிரின் அளவு, அதன் குணம், கொல்வோரின் முயற்சி, உள்ளத்திலெழும் வெறுப்பின் கடுமை ஆகியவற்றால் வினையின் பளு ஏறும், இறங்கும். யானையைக் கொல்வதும் எறும்பைக் கொல்வதும் ஒன்றல்ல. இவ்விரண்டையும் சேர்த்தே நினைவிற் கொள்ளல் வேண்டும். பளு குறைவு என்பதால் வினை இல்லையென்று ஆகாது. வினை உண்டு என்பதால் அதனை மகாபாதகமாகக் கொண்டு உள்ளம் நடுங்கவும் வேண்டுவதில்லை.

பிறிதோர் உயிரைக் கொண்டு கொல்லுதல்

ஊசியெடுக்க மனமில்லாதவர் வேறு வழி தேடுகின்றனர். ஐப்டேசியாவைத் தின்னும் உயிர்கள் உள்ளன. செம்பட்டைகளுடைய ஒருவகை இறால் அதனைத் தின்னும். நீண்ட மூக்குடைய ஒருவகை வண்ணத்துப்பூச்சி மீனும் தின்னும். பெர்கியா என்னும் ஓடற்ற கடல்நத்தை ஐப்டேசியாவைத் தவிர வேறொன்றையும் உண்ணாது. இவற்றுள் ஒன்றைத் தொட்டிக்குள் விட்டுவிட்டு, 'நான் கொல்லவில்லை. இயற்கை தன் தொழிலைச் செய்கிறது' என்று கூறுவாருமுளர்.

கொலைஞனை அமர்த்தியவன் கையில் கத்தி இல்லை என்பதால் அவன் நிரபராதி ஆவதில்லை. அந்நத்தையை வாங்கியது எதற்காக? கடலிலே நத்தை கடற்சாமந்தியைத் தின்றால் அது நத்தையின் பசி. மைசூரிலே தின்றால் அதில் நம் எண்ணமும் கலந்திருக்கிறது. மேலும், பெர்கியா தன் ஒரே உணவைத் தின்று தீர்த்த பின்னர் அதற்கு என்ன கதி? வேறொரு தொட்டிக்கு அதனை மாற்றாவிடில் பட்டினியால் மடியும். வண்ணத்துப்பூச்சி மீனோ தொட்டி வாழ்விற்கு எளிதில் பழகாதது. உணவு கொள்ளாமலே மாண்டுபோவது மிகுதி. ஒன்றைக் கொல்ல நாணி இரண்டைக் கொன்றவராகவும் ஆகக்கூடும்.

அசோகச் சக்கரவர்த்தி தாம் முடிபுனைந்த 26 ஆம் ஆண்டில் பொறித்த ஐந்தாம் தூண் சாசனத்தில், ஓருயிரை மற்றோர் உயிருக்கு இரையாக ஊட்டலாகாது என்று விதித்தார். உயிர்கள் உறையும் உமியை எரிக்கலாகாது என்றும் அச்சாசனமே கூறுகிறது. அவருடைய தர்மம் வடநாட்டோடு நின்றதன்று. இன்றைய கர்நாடகத்தின் சித்திரதுர்க்கம் மாவட்டத்துப் பிரம்மகிரியில், தாய் தந்தையர்க்குப் பணிதலையும் உயிர்களிடத்து உறுதியான பரிவையும் வாய்மையையும் வற்புறுத்தும் அவருடைய சிறு பாறைச் சாசனம் ஒன்று உண்டு. அக்கால மைசூர் இராச்சியத்தில் தொல்பொருள் ஆய்வு நடத்திய ரைஸ் என்பவர் அதனை 1892 ஆம் ஆண்டில் கண்டறிந்தார். அதே 1892 ஆம் ஆண்டில்தான் மைசூரில் மிருகக்காட்சிச் சாலையும் தோன்றியது.

உயிரை உயிருக்கு ஊட்டலாகாது என்ற இவ்வொரு விதியை வைத்துப் பார்க்கும்போது, நாம் எடுத்துக்கொண்ட வினா விரிந்துவிடுகிறது. ஐப்டேசியாவைக் கொல்லலாமா என்று கலங்கும் அவர், தம் மீன்களுக்கு நாள்தோறும் என்ன ஊட்டுகிறார்? உப்பளங்களில் வளரும் ஆர்ட்டீமியா என்னும் நுண்ணிறால்களையும், அரிந்த மீனையும் இறாலையுமே. பாறையிலுள்ள நூறு கடற்சாமந்திகளுக்காகத் தயங்கும் உள்ளம், ஒருவேளை உணவில் மடியும் ஆயிரம் நுண்ணிறால்களை எண்ணாதது ஏன்? இது அவரைப் பழிப்பதற்காகக் கூறியதன்று. நம் கருணை பெரும்பாலும் கண்ணுக்குப் புதிதாய்த் தெரிவதன்மேலேயே செல்கிறது, வழக்கமாகிவிட்டதன்மேல் செல்வதில்லை. அதனை அறிந்துகொள்வதற்கே கூறினோம்.

விடுவித்தல் புண்ணியமாகுமா?

இனி, கொல்லவும் வேண்டா, வைத்திருக்கவும் வேண்டா, எடுத்துச் சென்று நீர்நிலையில் விட்டுவிடலாம் என்று நினைப்பவர் உண்டு. கொலைக்குரிய உயிரை விலைகொடுத்து மீட்டு விடுவித்தல் பல பௌத்த நாடுகளில் போற்றப்படும் வழக்கம். 1960-களின் தொடக்கத்தில் மைசூருக்கு மேற்கேயுள்ள பைலக்குப்பையில் குடியேறிய திபெத்திய மக்களின் மரபிலும் அது உண்டு. அவ்வழக்கத்தின் உயிர்நாடி கருணையே. ஆயினும் அறிவில்லாத கருணை தீங்கு பயக்கும்.

குக்கரஹள்ளி ஏரியிலோ காவிரியிலோ விட்டால் உப்புநீர் உயிர் உடனே மடியும். அது விடுவித்தல் அன்று. கடலில் கொண்டுபோய் விடுவதோ அதனினும் ஆராயத்தக்கது. 2015 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிரைட்டன் கரையருகே, அந்நாட்டுக் கடலுக்கு உரியனவல்லாத நண்டுகளையும் சிங்கி இறால்களையும் பௌத்தர் சிலர் புண்ணியங் கருதிக் கடலில் விட்டனர். அங்குள்ள உயிர்களுக்கு அவற்றால் கேடு விளையுமென்று வழக்குத் தொடரப்பட்டு, 2017 ஆம் ஆண்டில் இருவர்க்குத் தண்டம் விதிக்கப்பட்டது. நம் நாட்டிலேயே சான்றுண்டு. தொழிலுக்காக மண்டபம் பகுதியில் வளர்க்கப்பட்ட கப்பாபைகஸ் என்னும் அயல்நாட்டுக் கடற்பாசி, மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவருகே உயிருள்ள பவளங்களைப் போர்த்து மூடியதை 2008 ஆம் ஆண்டில் ஆய்வாளர் அறிவித்தனர். அதுவும் ஐப்டேசியாவைப் போன்றதே. பறித்தெடுக்கும்போது எஞ்சிய துண்டுகளிலிருந்து மீண்டும் தழைக்கும். ஓருயிரை அதற்குரியதல்லாத இடத்தில் விடுகிறவர், அவ்விடத்து உயிர்களின் மேல் தம் வினையை ஏற்றிவிடுகிறார்.

பீடை என்னும் பெயர்

கொல்லுதலை எளிதாக்குவது பெயர். 'பீடை' என்றதும் உள்ளம் பாதி கடினமாகிவிடுகிறது. ஆனால் பீடை என்பது ஓருயிரின் இயல்பன்று. அதனைக் காண்போரின் நிலைமை.

19 ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் கடல்நீர்த் தொட்டி வைக்கும் ஆர்வம் தொடங்கியபோது, கடற்சாமந்தியே அதன் அரசியாக விளங்கியது. பிலிப் ஹென்றி காஸ் என்ற இயற்கையறிஞர் 1860 ஆம் ஆண்டில் அதற்கெனவே ஒரு பெருநூல் வெளியிட்டார். விரும்பித் திரட்டினோரால் கரையோரப் பாறைச் சுனைகள் வறுமையுற்றன. அவ்வறிஞருடைய மகனே பிற்காலத்தில் அதனைக் குறித்து வருந்தி எழுதினார். எடின்பரோ நகரில் டாலியல் என்பவர் 1828 ஆம் ஆண்டில் கடலிலிருந்து எடுத்துவந்த கடற்சாமந்தி ஒன்று, கண்ணாடிக் குடுவையில், அவர் காலமான பின்னரும் கைம்மாறிக் கைம்மாறிப் பேணப்பட்டு, 1887 ஆம் ஆண்டு வரை வாழ்ந்தது. அதனைப் 'பாட்டி' என்றே அழைத்தனர். இன்றோ, ஆய்வுக்கூடங்களில் ஐப்டேசியா அருமையாக வளர்க்கப்படுகிறது. பவளத்திற்கும் அதனுள் வாழும் பாசிக்கும் உள்ள உறவையும், கடல் வெப்பமுறும்போது அவ்வுறவு முறிந்து பவளம் வெளிறுவதையும் ஆராய அது துணை புரிகிறது. ஓரிடத்தில் பீடை, மற்றோரிடத்தில் பாட்டி, வேறோரிடத்தில் ஆசிரியர். உயிர் ஒன்றே.

அவ்வாறாயின், எவ்விடத்தும் எவ்வுயிரையும் அகற்றலாகாது என்பதா? அன்று. சென்னைக்கு வடக்கே எண்ணூர்க் கழிமுகத்தில், தென்னமெரிக்கக் கரைகளுக்குரிய ஒருவகை ஆழி பாய்போல் படர்ந்து, அங்கிருந்த மட்டிகளையும் இறால்களையும் வாழவொட்டாது செய்து, மீனவர் பிழைப்பையும் கெடுத்துவருகிறது. அம்மக்கள் அதனைக் காக்கா ஆழி என்பர். அதனை அகற்றக் கோரும் மீனவரைப் பார்த்துக் கொல்லாமை பேசுவது கருணையன்று. அங்கே பிற உயிர்களின் வாழ்வும் எளியோரின் சோறும் ஒரு தட்டில் நிற்கின்றன.

மைசூர்த் தொட்டியில் எதிர்த்தட்டில் நிற்பது யாது? ஐப்டேசியாவின் கொட்டுதலால் பெரிதும் தாக்குறுவன அருகே அசையாது ஒட்டிவாழும் பவளங்களே. இந்தியாவிலோ, பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் 1972 ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001 ஆம் ஆண்டிலேயே சேர்க்கப்பட்டுவிட்டன; கடற்குதிரைகளும் அவ்வாறே. ஆகவே சட்டத்திற்கு அடங்கி நடத்தப்படும் இல்லத்துத் தொட்டியில் இருப்பன பெரும்பாலும் மீன்களே. வலிமையுள்ள மீன்கள் ஐப்டேசியாவை விலகிச் செல்லும். எனவே அவற்றின் உயிர் பெரும்பாலும் ஆபத்தில் இல்லை. ஆபத்திலிருப்பது பாறையின் அழகு. கண்ணின் இன்பத்திற்காக ஓருயிரைப் போக்கலாமா என்பதே நம் வினாவின் உண்மை வடிவம். இவ்வடிவில் வைத்ததும் விடை கடினமாக இல்லை.

செய்யத்தக்கன

மணிமேகலையில் சாதுவன் கதையைப் படித்தோர் அறிவர். கலம் உடைந்து நாகர் மலையை அடைந்த சாதுவன், ஊனுண்டு வாழும் அவர்தம் தலைவனுக்கு அறம் உரைக்குங்கால், அவர்களால் இயலாததைக் கேட்டானல்லன். மூத்து இறந்த விலங்கின் ஊனன்றிப் பிறவற்றைக் கொல்லாதிருங்கள் என்று, அவர்கள் எடுத்துவைக்கக்கூடிய முதலடியையே காட்டினான். நாமும் அவ்வாறே படிப்படியாகக் கூறுவோம்.

முதலாவது, வருமுன் காத்தல். ஐப்டேசியா தானாக மைசூருக்கு நடந்து வந்ததன்று. பாறையோடு நாமே கொண்டுவந்தோம். புதிய பாறையைத் தனித் தொட்டியில் சில வாரங்கள் வைத்துக் கூர்ந்து நோக்கிய பின்னரே பெருந்தொட்டியில் இடுவது வழக்கமாதல் வேண்டும்.

இரண்டாவது, மிகையூட்டலை நிறுத்துதல். தொட்டியில் எஞ்சும் உணவே அது பெருகுவதற்கு வழிசெய்கிறது. உணவைக் குறைத்து, நீரைத் தூய்மையாக வைத்தால் அதன் பெருக்கம் தணியும். இவ்வழியில் உயிர்க்கொலையும் இல்லை. ஆர்ட்டீமியாவின் சாவும் குறைகிறது.

மூன்றாவது, இடமளித்தல். ஐப்டேசியா படர்ந்த பாறையை வேறொரு சிறு தொட்டிக்கு மாற்றலாம். உப்புநீரும் ஒளியும் சிறிது இரையுமே அதற்குப் போதும். எடின்பரோவில் ஒரு குடுவைக்குள் ஐம்பத்தொன்பது ஆண்டுகள் ஓருயிரைப் பேண முடிந்ததெனின், மைசூரில் ஒரு தொட்டியில் பேண முடியாதென்பது முயலாமையே.

நான்காவது, இவற்றையெல்லாம் செய்தும் வேறு வழியின்றி, தம் பொறுப்பிலுள்ள மற்றோர் உயிரைக் காக்கும்பொருட்டு அதனை அழிக்க நேர்ந்தால், அதற்குப் புண்ணியப் பெயர் சூட்டாதிருத்தல். பிறர் கையிலும் நத்தையின் வாயிலும் பழியைப் போடாது, வெறுப்பின்றி, விரைவாக, இயன்ற அளவு குறைந்த எண்ணிக்கையில் செய்து, செய்தது இன்னதென்று அறிந்திருத்தல் வேண்டும். சீலத்தை மீறினோம் என்று அறிந்தவர் மீண்டும் அதனை மேற்கொள்ள இயலும். மீறவேயில்லை என்று தம்மை ஏமாற்றிக்கொண்டவர்க்கு அவ்வழி அடைபடும்.

ஐந்தாவது, தொட்டியே வேண்டுமா என்று வினவுதல். உயிர்களை விற்கும் வாணிபம், உபாசகர் தவிர்க்கவேண்டிய ஐந்து வாணிபங்களுள் ஒன்று. விற்பது தகாதெனின், வாங்கி அதனை வளர்ப்பதும் ஆராயத்தக்கதே. ஏற்கனவே நம் பொறுப்பில் வந்துவிட்ட மீன்களை அவற்றின் ஆயுள் முடியும்வரை அன்போடு பேணுவது கடமை. அவை மறைந்த பின்னர், வெறுமையான அத்தொட்டியை மீண்டும் நிரப்ப வேண்டுமா என்று ஒவ்வொருவரும் தத்தம் உள்ளத்தைக் கேட்டுக்கொள்ளலாம்.

கடலில் கடற்சாமந்திக்கு அதற்குரிய இடமும், அதனை உண்ணும் உயிரும், அதனை வரம்புக்குள் நிறுத்தும் நியதியும் உண்டு. அங்கே அதனை எவரும் பீடையென்று கூறுவதில்லை. அந்நியதிகளையெல்லாம் அறுத்து, பாறையை மட்டும் எடுத்துவந்து, நமக்கு விருப்பமானவை மட்டுமே அதில் வாழவேண்டுமென்று கருதுவது ஆசையின் செயல். பாறை இடுக்கில் விரிந்திருக்கும் அச்சிற்றுயிர் அவ்வாசைக்குக் குறுக்கே நிற்கிறது. அது செய்த குற்றம் அவ்வளவே. ஊசியைக் கையில் எடுக்குமுன் இதனை ஒருமுறை எண்ணிப் பார்க்கும் உபாசகர், பெரும்பாலும் அதனைக் கீழே வைத்துவிட்டு, வேறொரு தொட்டியில் உப்பைக் கரைக்கத் தொடங்குவார் என்றே நம்புகின்றோம்.